கருவி வாழ்க, கை ஓய்க

குக்கீ மேல் ஒரு மாங்காய் டிசைன் போடத் தயிர் டப்பா மூடி போதும் என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். மூடியின் நடுவில் பேனாவால் வரைந்து, கட்டர் பிளேடால் வெட்டி, அலம்பித் துடைத்து, குக்கீ மேல் வைத்து, டீ வடிகட்டியில் ஐசிங் சுகரைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டினால் மாங்காய் வந்துவிடுகிறதாம். வரத்தான் செய்கிறது. ஆனால் அப்படி வந்த மாங்காய்க்கு என்ன மரியாதை? பில் உண்டா, வாரன்டி உண்டா, அன்பாக்ஸிங் வீடியோ உண்டா?

2020 ஊரடங்கில் பொழுது போகாமல் ஓவனைத் தொட்டவர்கள் பலர் இன்று வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கிறார்கள். பிறந்தநாள், வளைகாப்பு, கிறிஸ்துமஸ் என்று எல்லா விசேஷத்துக்கும் குக்கீ போகிறது. இவர்களை வெறும் மைதாவும் வெண்ணெயும் வாங்குகிறவர்களாகவே விட்டுவைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அது நடக்காமல் காப்பவை அலங்காரக் கருவிகள். அவற்றின் அருமை பெருமைகளை யாராவது எடுத்துச் சொல்லத்தானே வேண்டும்.

முதல் மரியாதை இப்படிப்பட்ட துளை அச்சை, அதாவது ஸ்டென்சிலை, வெட்டும் மெஷினுக்கு. கையால் வெட்டும் சிரமத்தை அது அடியோடு ஒழித்துவிட்டது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் கொஞ்சம்தான். ஆப்பைத் திறக்க வேண்டும். அது அப்டேட் கேட்கும், கொடுக்க வேண்டும். படத்தை ஏற்றி, பின்னணியை அழித்து, அளவைத் திருத்த வேண்டும். மைலார் என்ற பிளாஸ்டிக் தாளை ஒட்டுப்பாயில் குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். பிளேடு எவ்வளவு அழுத்த வேண்டும், ஒரே கோட்டில் எத்தனை தடவை ஓட வேண்டும் என்று சொல்ல வேண்டும். வெட்டி முடித்ததும் உள்ளே மாட்டியிருக்கும் துணுக்குகளை ஒரு கொக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். அந்தக் கொக்கி தனி விலை. மூடிக்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் எதுவும் கிடையாது. பத்து நிமிஷத்தில் வெட்டி முடித்துவிட்டு மீதிச் சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் குக்கீ சுட்டுக்கொண்டிருப்பார்கள், பாவம்.

இந்த மெஷின்களில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரிகட் கம்பெனியுடையது. அதன் ஆரம்ப கால மெஷின்கள் கார்ட்ரிட்ஜில் ஓடின. எந்தப் படம் வேண்டுமோ அது அடங்கிய கார்ட்ரிட்ஜை விலைக்கு வாங்கிச் செருக வேண்டும். தோட்டத்துப் பூவைப் பார்த்து வரைகிற கெட்ட பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. 2010இல் கேக் அலங்காரத்துக்கென்றே, சர்க்கரை மாவுத் தகடுகளை வெட்ட ஒரு தனி மெஷினை அந்தக் கம்பெனி கொண்டுவந்தது. இன்று அது கடையில் இல்லை. வாங்கியவர்கள் வைத்திருப்பது இப்போது அரும்பொருள். சாதாரண மூடிக்கு இந்த அந்தஸ்து எந்தக் காலத்தில் வரும்?

ஆனால் அந்தக் கம்பெனியின் தாயுள்ளம் முழுதாக வெளிப்பட்டது 2021 மார்ச்சில். சந்தா கட்டாதவர்கள் தங்கள் சொந்தப் படங்களில் மாதம் இருபதை மட்டுமே ஏற்றலாம் என்று அறிவித்தார்கள். மெஷின் வாங்கியவருடையது, படம் வரைந்தவருடையது, கணக்கு மட்டும் கம்பெனியுடையது. ஒரு மாதத்தில் இருபது படத்துக்கு மேல் யோசித்தால் மனுஷர் உடம்புக்கு ஆகாது என்ற அக்கறையைத் தவிர இதில் வேறென்ன இருக்க முடியும்? நன்றிகெட்ட வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். கம்பெனியும் சீக்கிரமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தயிர் டப்பா மூடியைப் பாருங்கள். ஒரு மாதத்தில் நூறு டிசைன் வெட்டினாலும் ஏனென்று கேட்காது. அக்கறை என்பதே இல்லாத ஜென்மம்.

மெஷினின் இன்னொரு உயர்ந்த குணம், சொன்னதைச் சொன்னபடி செய்வது. கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு ஆர்டர் வந்தது. குக்கீயில் ‘அம்மா’ என்று எழுத வேண்டும். மெஷின் (எந்தக் கம்பெனி என்பது நமக்கு வேண்டாம்) ஒரு பிசிறு இல்லாமல் வெட்டிக் கொடுத்தது. தாளைத் தூக்கினால் ‘அ’வின் சுழிக்குள் இருக்க வேண்டிய பொட்டுத் துண்டு ஒட்டுப்பாயிலேயே தங்கிவிட்டது, ‘ம’வின் வயிறும் அப்படியே. ஐசிங்கைத் தேய்த்தபோது அம்மா இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வெள்ளைக் கட்டிகள் நின்றன. ஸ்டென்சில் எழுத்துரு என்று ஆப்பில் தேடினாள், கிடைத்ததெல்லாம் ஆங்கிலத்துக்கு.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவளுடைய பெரியம்மா எட்டிப் பார்த்தார். “ஏன் கண்ணு, சுழிக்கு நடுவால ஒரு காம்பு உட்டு வெட்டோணும். அப்பத்தான உள்துண்டு உழுகாம நிக்கும்? அரிசி மில்லுல மூட்டைக்கு மையடிக்கிற தகரத்துல பாத்ததில்லியா?”

“அதெல்லாம் அந்தக் காலமுங்க பெரீம்மா. இது ஸ்மார்ட் மெஷினு.”

“இருக்கட்டும் சாமி. அந்த ஐஸ்கிரீம் டப்பா மூடியக் கொண்டா.”

பெரியம்மா எழுதி, சுழிக்கும் வயிற்றுக்கும் நெல் அகலத்தில் காம்பு விட்டு, மருமகனின் சவரப் பிளேடால் வெட்டினார். அவ்வளவு குக்கீக்கும் அந்த மூடிதான் ஓடியது. இதில் மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மில்லுக்குப் போனதில்லை என்பதைத் தவிர அதனிடம் ஒரு குற்றமும் கிடையாது.

அடுத்தது ஏர்பிரஷ். பேனா அளவில் ஒரு துப்பாக்கி, அதற்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரசர். இது பேசும் அழகே தனி. பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். நிறத்தை ஒரு ஓரத்தில் அடர்த்தியாகவும் மறு ஓரத்தில் மெல்லியதாகவும் படரவிடுவதில் இதற்கு நிகர் கிடையாது என்பது மெய்யான புகழ்ச்சி. நடுவில் ஒன்று வந்து விழுந்துவிட்டது, மன்னிக்கவும். இதன் பெருந்தன்மை குக்கீயோடு நிற்பதில்லை. அடுப்பங்கரைச் சுவர், மிக்ஸி மூடி, அடிப்பவரின் மூக்குத் துவாரம் எல்லாவற்றுக்கும் சமமாக இளஞ்சிவப்பு வழங்கும். துப்பாக்கியின் மூக்குத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

காற்று வேகமாக வந்தால் ஸ்டென்சிலின் ஓரம் தூக்கும், நிறம் அடியில் போகும். அதற்குக் காந்தச் சட்டம் வாங்க வேண்டும். சட்டத்துக்கு ஒரே அளவுதான். ஆகவே அந்த அளவு ஸ்டென்சிலாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு கருவியின் பெருமையே அது தன் உறவினர்களைக் கூட்டிவருவதில்தான் இருக்கிறது. மூடி அநாதை, தனியாக வரும், தனியாகக் கிடக்கும்.

புரொஜெக்டரும் உண்டு. படத்தை மேலிருந்து குக்கீயின் மேல் ஒளியாக விழச் செய்யும். அதன் பிறகு? அந்தக் கோட்டின் மேல் நீங்களே கையால் பிழிந்து வரைந்துகொள்ள வேண்டியதுதான். இதைவிட அடக்கமான கருவியை நான் கண்டதில்லை. எல்லாவற்றுக்கும் சிகரம், குக்கீயையே உள்ளே வாங்கி உண்ணும் மையில் படம் அடித்து வெளியே அனுப்பும் பிரின்டர். அமெரிக்காவில் பிரைமெரா என்ற கம்பெனி ‘எடி’ என்று பேர் வைத்து விற்கிறது. விலை ஆயிரக்கணக்கான டாலர். மனிதக் கைக்கு அது மிச்சம் வைத்திருப்பது குக்கீயை வாயில் போடும் வேலை ஒன்றைத்தான். அதற்கும் மெஷின் வரும் வரை பொறுத்திருப்போம்.

இந்தக் கருவிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பண்பைச் சொல்லாமல் விட்டால் பாவம். கஷ்டமான வேலை எதையும் அவை நம்மிடமிருந்து பறிப்பதில்லை.

ஸ்டென்சில் அலங்காரத்தின் உயிர் ஐசிங்கின் பதத்தில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவோ மெரிங்கு பவுடரோ ஐசிங் சுகரோடு சேர்ந்தால் ராயல் ஐசிங். பச்சை முட்டைக்குப் பயப்படுகிறவர்களுக்கு மெரிங்கு பவுடர்தான் சரி. குக்கீயின் மேல் அடித்தளமாக ஊற்றுவதற்கு ஐசிங் நீர்த்து, தானே பரவிச் சமமாக வேண்டும். ஸ்டென்சில் மேல் தேய்ப்பதற்கோ இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைத் தூக்கினால் முனை நிமிர்ந்து நிற்க வேண்டும். கொஞ்சம் நீர்த்தாலும் தாளுக்கு அடியில் கசிந்து மாங்காய் பூசணிக்காயாகிவிடும். ரொம்பக் கெட்டியானால் தாளோடு பெயர்ந்து வந்துவிடும். எந்த மெஷினுக்கும் இது தெரியாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கிளறுகிற கைக்குத் தெரியும்.

அடித்தளம் ஒரு ராத்திரி முழுக்கக் காய வேண்டும். சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் அதுவும் போதாது. மின்விசிறியடியில் வைத்து, மறுநாள் விரல் நுனியால் தொட்டு, பள்ளம் விழவில்லை என்றால்தான் அடுத்த வேலை. அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து நிறம் கலங்கும். அப்புறம் குக்கீ. அது தட்டையாக இல்லாவிட்டால் பல்லாயிரம் கொடுத்து வெட்டிய ஸ்டென்சிலும் நடுவில் மேடு தட்டி ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். மாவின் இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் மரஸ்கேல் வைத்துத் தேய்த்து, வெட்டிய பின் ஃபிரிட்ஜில் குளிரவிட்டுச் சுட்டால் விரியாமல் தட்டையாக வரும். ஐசிங்கை ஸ்டென்சில் மேல் ஒரே திசையில், பழைய ஏடிஎம் கார்டைக் கழுவிக்கூட, இரண்டு இழுப்பில் வழித்துவிட்டு, தாளை நேராக மேலே தூக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் கோடு இழுபடும்.

மெஷின் வைத்திருப்பவருக்கும் மூடி வைத்திருப்பவருக்கும் இந்த வேலைகள் அத்தனையும் ஒன்றுதான். மூடிக்காரர் இவற்றை வெறுமனே செய்கிறார். மெஷின்காரர் இஎம்ஐ கட்டிக்கொண்டே செய்கிறார். கௌரவம் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

தூத்துக்குடி மக்ரூன்காரர்களை இந்த இடத்தில் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. அதே முட்டை வெள்ளைக்கரு, அதே சர்க்கரை, கூட முந்திரி. காகிதக் கூம்பில் பிழிந்தே ஊருக்குப் பேர் வாங்கிவிட்டார்கள். ஒரு புரொஜெக்டர்கூட இல்லாமல்!

நம் வீடுகளில் இந்தக் கெட்ட வழக்கம் வேரோடிப் போயிருக்கிறது. மார்கழியில் தெருவுக்கு வரும் துளை போட்ட கோலத் தட்டு என்ன? ஸ்டென்சில்தானே! அதில் மாவை நிரப்பித் தட்டிய கைக்கு ஐசிங் சுகர் தட்ட யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயிற்சி வகுப்புகளின் எதிர்காலத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கையால் வெட்டுகிறவர்கள்மேல் நியாயமான ஒரு குறை உண்டு. அதை மட்டும் நேராகவே சொல்லிவிடுகிறேன். சிக்கனம் தலைக்கேறி, வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து வெட்டுகிறார்கள். அதில் வெள்ளி கலந்திருக்கிறது. சாப்பாட்டின் பக்கத்திலேயே வரக்கூடாது. இங்க்ஜெட் பிரின்டருக்கான ஓஹெச்பி ஷீட்டில் மை பிடிக்க ஒரு பூச்சு இருக்கும், அதுவும் வேண்டாம். ஆபீஸ் ஃபைல் அட்டை வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் வந்த டப்பாவின் மூடியே உத்தமம். தூவுகிற வேலைக்கு மட்டுமென்றால், மடித்து வெட்டிய பட்டர் பேப்பர் ஒரு தடவைக்குத் தாங்கும். பேனாக் கோட்டை வெட்டும்போதே நீக்கிவிட வேண்டும். மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் குக்கீயில் படாமல் மேலே இருக்கட்டும்.

ஒரே கம்பெனி லோகோவை வாரம் தவறாமல் நூற்றுக்கணக்கில் போட்டுக் கொடுப்பவருக்கு மெஷின் சோறு போடும். மறுக்கவில்லை. அவர் கணக்குப் பார்த்து வாங்கியவர், என் புகழுரைக்காகக் காத்திருப்பவரல்ல. நான் பாடுவது தீபாவளிக்கு ஒரு தட்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு தட்டு சுடுகிறவர் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் உறை கிழியாமல் கொலுவிருக்கும் மெஷினை. தூசு படாத அழகு, கரண்ட் செலவில்லாத உழைப்பு, விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு ஒரு பொருள். அதன் பக்கத்தில் ஒரு தயிர் மூடியை வைத்துப் பாருங்கள், நிற்குமா?

ஆகவே தயங்காமல் வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் பில்லையும் மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். செகண்ட்ஹேண்டில் விற்கும்போது முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.