தானாக வெளியேற்றும் தளங்கள்: கேள்வி–பதில்

கேள்வி: சேமித்த பணத்தைப் பார்க்கப் போனால் வங்கித் தளம் சில நிமிடங்களில் விரட்டுகிறது, செலவழிக்கப் போனால் கடைத் தளம் வாரக்கணக்கில் உபசரிக்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

பதில்: இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி நெறிமுறை ஒவ்வொரு வேண்டுகோளையும் புதிதாக வந்ததாகவே கருதுவதால், வந்தவரை அடையாளம் காண, நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மொன்டுல்லி 1994இல் உருவாக்கிய ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு உலாவியில் வைக்கப்படுகிறது, அதிலுள்ள அடையாள எண் செல்லுபடியாகும் காலமே ‘செஷன்’ எனப்படும் அமர்வு. அந்த எண்ணைக் கைப்பற்றியவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நடமாட முடியும் என்பதால், இழப்பு பெரிதாகக்கூடிய இடத்தில் காலம் சுருங்குகிறது.

கேள்வி: 24 நிமிடத்தில் முடிய வேண்டிய அமர்வு ஒரு மணி நேரம் கழித்தும் உயிரோடிருப்பது எப்படி?

பதில்: தளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியின் இயல்பமைப்பில் உள்ள 1440 விநாடி, அதாவது அந்த 24 நிமிடம், அமர்வைக் குப்பையாகக் கருதத் தொடங்கும் எல்லை மட்டுமே, குப்பை அள்ளும் வேலையோ, அமர்வு தொடங்கப்படும்போது நூற்றில் ஒரு வாய்ப்பு என்ற கணக்கில்தான் நடப்பதால், நடமாட்டம் குறைந்த தளத்தில் நெடுநேரம் நடக்காமலே போகலாம். எனவே கடைசிச் செயலின் நேரத்தைப் பதிந்து, ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் சர்வரே சரிபார்ப்பதுதான் முறை.

கேள்வி: ஆளே இல்லாத நாற்காலிக்கு எதிரே அமர்வு நாள் முழுதும் நீடிக்கிறதே, பேயா?

பதில்: பேயன்று, புதிய செய்தி உண்டா என்று பக்கம் தானாகவே சர்வரைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். இதனால் செயலின்மை வரம்பு ஏமாந்துவிடுவதால், உள்நுழைந்த நேரத்திலிருந்து எண்ணப்படும் முழு வரம்பும் தேவைப்படுகிறது; அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2017இல் வெளியிட்ட நெறிமுறை, இடைநிலைப் பாதுகாப்புக்கு 30 நிமிடச் செயலின்மையையும் 12 மணி நேர முழு வரம்பையும் சேர்த்தே விதித்தது.

கேள்வி: நீண்ட படிவத்தை நிரப்பி ‘சமர்ப்பி’யை அழுத்தினால் ‘மீண்டும் உள்நுழைக’ என்கிறது. குற்றம் யாருடையது?

பதில்: தளத்தை அமைத்தவருடையதே. தட்டச்சு செய்வது உலாவிக்குள்ளேயே நடப்பதால், உழைத்துக்கொண்டிருப்பவரைச் சர்வர் உறங்குபவராக எண்ணிவிடுகிறது. 2008இல் வந்த வலை அணுகல்தன்மை நெறிகள், சில விலக்குகள் தவிர, காலம் முடியுமுன் எச்சரித்து, ஒரு விசையை அழுத்துவது போன்ற எளிய செயலால் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்கின்றன. மெதுவாகத் தட்டச்சு செய்ய நேரும் முதியவர்க்கும் திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவர்க்கும் இது சலுகையன்று, உரிமை. எழுதியதை அவ்வப்போது சர்வரில் வரைவாகச் சேமித்து, மீண்டும் உள்நுழைபவர் அதே பயனர் என்று உறுதியான பின்னரே திருப்பித் தர வேண்டும். பொதுக் கணினியின் உலாவியில் சேமித்தால், அடுத்து அமர்பவர் அதைப் படித்துவிடக்கூடும்.