கப்பலேறப் போற பேராண்டிக்கு (2022 ஜூலையில சொன்னது)

காட்டு சாமி, அந்தப் படத்த இன்னொரு தரம் காட்டு. மாடி மேல மாடி வச்சுக் கட்டியிருக்கான். மொட்டமாடியில நீச்சல் குளம் வேற. சுத்தியும் கடல் கெடக்கு, நடுவுல ஒரு தொட்டி கட்டி அதுல எறங்கிக் குளிக்கிறாங்க. படிச்சவங்க செய்யறதுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் எதுக்குக் கேக்கப் போறேன்.

ஆடிப்பெருக்குக்குப் போறேங்கிற. அன்னிக்கு ஊரே ஆத்துல தண்ணி வருதான்னு பாக்கக் கெளம்பும். நீ கடல்ல தண்ணி இருக்கான்னு பாக்கக் கெளம்புற. இருக்கும் சாமி, நம்பிப் போகலாம். ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. கப்பல் அம்மியவிடக் கனம்தான், ஆனா அம்மிக்குள்ள யாரும் உக்காந்து பிரியாணி திங்கறதில்ல பாரு.

எங்க போகுதுன்னு கேட்டா, மெட்ராஸ்ல ஏறி, நடுக்கடல் வரைக்கும் போயி, ரெண்டு ராத்திரி கழிச்சு மெட்ராஸ்லயே எறங்கணுங்கிற. போன மாசம் 4ஆம் தேதி முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்பி வச்சாரே, அதே கப்பல்தானே? ஏறுன எடத்துலயே எறக்கி விட்டுட்டு அதுக்கு இத்தன ஆயிரம் வாங்குறான்னா அவன் யாவாரி. டவுன் பஸ்ஸுல நம்மள இப்படிச் செஞ்சா கண்டக்டர சும்மா விடுவோமா?

கடல் வேணும்னா நீ இம்புட்டு தூரம் போயிருக்க வேண்டியதில்ல. நம்ம பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்துக்குப் போ. அங்க மழை அரிச்சு அரிச்சுப் பள்ளமும் மேடுமாக் கெடக்குற காட்டுல குனிஞ்சு தேடினா, சங்காட்டம் சுருண்ட கல்லு கையில சிக்கும். அம்மோனைட்டுங்கிறாங்க. 10 கோடி வருசத்துக்கு முந்தி இங்கெல்லாம் கடல்தான், அது அதுல நீந்துன உசுரு. அரியலூர் சிமெண்டு ஆலைங்க அரைக்கிறதும் அந்தக் கடல் போட்டுட்டுப் போன சுண்ணாம்புக் கல்லுதான். உங்கப்பன் வீடு கட்டுனப்ப மூட்ட மூட்டயா கடல வாங்கித்தான் செவுத்துல பூசினான்.

சாத்தனூர் கல்மரத்தப் பள்ளிக்கூடத்துல கூட்டிப் போயிக் காட்டியிருப்பாங்களே. 18 மீட்டர் நீளம். 1940ல எம்.எஸ். கிருஷ்ணன்னு புவியியல் துறை ஐயா ஒருத்தர் வந்து பாத்து ஊருக்குச் சொன்னாரு. 12 கோடி வருசத்துக்கு முந்தி வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயி, கடல்ல முழுகி, சேத்துல பொதைஞ்சு கல்லாப் போன மரம். நம்ம பக்கத்துல இருந்து மொதமொதக் கடல் பயணம் போனது அதுதான். எறங்க அனுமதி கெடைக்காம இன்னும் அங்கயே படுத்துக் கெடக்கு.

சிரிக்காத. விதியெல்லாம் வாட்ஸ்அப்புல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னியே, அதுக்கு வர்றேன். 2020 அக்டோபர்ல குன்னத்துல ஏரிப் பக்கம் மண்ணெடுக்கையில உருண்ட உருண்டயாக் கல்லு வந்துச்சு. மறுநாளே உன் வாட்ஸ்அப்பு "பெரம்பலூர்ல டைனோசர் முட்டை"ன்னு சொல்லிருச்சு. கொரோனா ஊரடங்கு, கூட்டம் கூடக் கூடாதுன்னு ஒரு பக்கம் மைக்குல சொல்றான், இன்னொரு பக்கம் சனம் முட்டை பாக்கப் போகுது. கடைசியில கல்லு படிச்ச ஆளுங்க வந்து, முட்டையுமில்ல கோழியுமில்ல, பழைய கடலோட வண்டல் அம்மோனைட்டச் சுத்தி உருண்ட கல்லுன்னு சொன்னாங்க. அத யாரும் ஃபார்வேர்டு பண்ணல. உன் கப்பல் விதியும் எந்த ஏரியில தோண்டுனதுன்னு பாத்துக்க.

விதி எப்படி இருக்கும்னு நான் பாத்தவன். 2020 ஜூன்ல கொரோனாவுக்காகத் தமிழ்நாட்ட எட்டு மண்டலமாப் பிரிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? பெரம்பலூரு, அரியலூரு, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூரு, திருவாரூரு, நாகப்பட்டினம் எல்லாம் நாலாம் மண்டலம். வெள்ளாத்தத் தாண்டுனா தொழுதூரு, உன் அத்தை அங்கதான் இருக்கா. அது கடலூர் மாவட்டம், மூணாம் மண்டலம். மகளப் பாக்க இ-பாஸ் வேணும், கடலோரத்து நாகப்பட்டினத்துக்கு வேணாம். பொண்ணு குடுத்த வீட்டுக்குப் போகாதே, போயி அலையப் பாருன்னு கவருமெண்டே நம்மளப் பிடிச்சுத் தள்ளிச்சு. அப்ப விட்டுட்டு, இப்பப் போயி கடன் வாங்கிக் கடல் பாக்கணுங்கிற. செப்டம்பர் ஒண்ணாந்தேதி பாஸே வேணாம்னு எடுத்தாங்க. மூணு மாசத்துக்குள்ள ஒரு கோடு வந்துச்சு, போச்சு. நீ முன்பதிவு பண்ற தேதிக்கும் ஏறுற தேதிக்கும் நடுவுல எத்தன கோடு வரும்னு யாரு கண்டா?

சரி, காயிதம் எல்லாம் தயாரா? ரெண்டு ஊசி போட்ட சான்று, ஆதாரு, இல்லாட்டி சோதனை முடிவு. 72 மணி நேரத்துக்குள்ள எடுத்த முடிவு வேணும்னா கணக்குப் போட்டுப் பாரு. இங்க மாதிரி குடுத்து, முடிவு வந்து, பஸ் ஏறி, மெட்ராஸ் நெரிசல்ல துறைமுகம் போயிச் சேரணும். முன்னாடியே எடுத்தா காலாவதி, பின்னாடி எடுத்தா கப்பல் போயிருக்கும். மூணாவது ஊசி வர்ற வெள்ளிக்கெழமையில இருந்து பதினெட்டு வயசானவங்களுக்கெல்லாம் 75 நாளைக்கு இலவசமாம். எனக்கு அறுபது தாண்டுனவன்னு எப்பவோ போட்டுட்டாங்க. ஆனா ஆதார்ல அப்பம்பேரு எம்பேருக்கு முன்னால நிக்குது, ஊசிச் சான்றுல பின்னால நிக்குது. பொறந்த தேதி ஜனவரி 1. எனக்கு மட்டுமா, இந்தத் தெருப் பெருசுகள்ல பாதிக்கும் ஜனவரி 1தான். அந்தக் காலத்து மருத்துவச்சி அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான் வேலை பாத்திருப்பா போல. நான் எதுக்கு எங் காயிதத்தச் சொல்றேன்னு முழிக்காத, சும்மா ஒரு பேச்சுக்கு.

சிங்கப்பூர்ல நடந்தது தெரியுமா? நம்ம மேலத்தெருப் பய அங்க வேலையில இருக்கான், அவன் சொன்னான், பெறகு டிவியிலயும் வந்துச்சு. 2020 டிசம்பர்ல, எங்கயும் நிக்காம சும்மா கடலச் சுத்திட்டு வர்ற கப்பல் ஒண்ணு விட்டாங்க. குவாண்டம் ஆஃப் தி சீஸ். ஏறுறவன் எல்லாருக்கும் சோதனை பண்ணித்தான் ஏத்துனாங்க. மூணாம் நாளு 83 வயசுப் பெருசு ஒண்ணு, வயித்தால போகுதுன்னு கப்பல் டாக்டருகிட்டப் போனாரு. டாக்டரு மூக்குல குச்சிய விட்டாரு. கொரோனான்னு வந்துருச்சு! கப்பலத் திருப்பிட்டாங்க. ஆயிரத்து எழுநூறு பேரு அவங்கவங்க அறைக்குள்ள. சோறு கதவுகிட்ட வந்துச்சு. கரைக்கு வந்து மறுபடி மறுபடி சோதிச்சுப் பாத்தா, பெருசுக்கு ஒண்ணுமே இல்லயாம். வயிறு வயிறாத்தான் இருந்திருக்கு. இதுல இருந்து நான் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: கப்பல்ல வயித்தால போனா வாயத் தொறக்கக் கூடாது.

அவங்களாவது தப்பிச்சாங்க. 2020 பிப்ரவரியில ஜப்பான் யோகோஹாமாவுல டயமண்ட் பிரின்சஸ்ஸ நிறுத்தி வச்சாங்களே, 3,700 பேரு உள்ள. ஹாங்காங்ல எறங்கிப் போன ஒருத்தருக்கு இருந்துச்சுன்னு தொடங்கி, எழுநூறு பேருக்கு மேல வந்துருச்சு. உள்ள வேலை பாத்த நம்ம நாட்டுப் பிள்ளைங்களும் மாட்டுச்சு. அந்தப் பேச்ச விளையாட்டாப் பேசக் கூடாது, விட்ரு.

அதே மாசம் வெஸ்டர்டாம்னு இன்னொரு கப்பல். அதுல நோயே இல்லன்னு சொன்னாலும் ஜப்பான் வராதேன்னுச்சு, தைவான் வராதேன்னுச்சு, பிலிப்பைன்ஸ், குவாம், தாய்லாந்துன்னு அஞ்சு எடம் கதவ சாத்திருச்சு. கடைசியில கம்போடியா வாங்கன்னுச்சு. அந்த நாட்டுப் பிரதமரே வந்து பூ குடுத்து எறக்கினாரு. பயணம் கம்போடியாவுல முடியும்னு டிக்கெட்டுல போடவே இல்ல.

அதெல்லாம் வெளிநாடுங்கிறியா? இந்த வருசம் சனவரியில பம்பாய்ல இருந்து கோவா போன கப்பல்ல 66 பேருக்கு இருக்குன்னு வந்து, எறங்க விடாம நிறுத்தி, திருப்பி அனுப்புனாங்களே. புது வருசம் கொண்டாடப் போன சனம். போன மாசம் நம்ம மெட்ராஸ் கப்பலு விசாகப்பட்டினம் போயிட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்துச்சு. கொரோனா இல்ல, ஒண்ணுமில்ல. ஆனா உள்ள சூதாட்டம் நடக்குதுன்னு அங்க ஒரே கூச்சல். கெவர்னரம்மா அனுமதி இல்லன்னுட்டாங்க. கரையப் பாத்துக்கிட்டே நின்னுட்டுக் கப்பல் திரும்பிப் போச்சு. பாத்தியா, ஒரு தரம் மூக்கப் பாத்து நிறுத்துறான், இன்னொரு தரம் சீட்டுக்கட்டப் பாத்து நிறுத்துறான். பாண்டிச்சேரிக்குள்ள நுழையறதுக்கு ஒழுக்கம் ஒரு தகுதின்னு எனக்கு இந்த வயசுலதான் தெரிஞ்சுது.

இன்னொண்ணும் கேளு. 2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டுல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்த நம்ம அரியலூரு, பெரம்பலூருப் பிள்ளைங்க, காய்கறி லாரியில தொத்தி ஊருக்கு வந்துச்சுங்க. 5ஆம் தேதி மார்க்கெட்டயே மூடிட்டாங்க. வந்ததுங்களப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துலயும் காலேசுலயும் வச்சாங்க. வெளிய போகக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வரும், நாலு பேரோட பேசிக்கிட்டுப் படுத்துக் கெடக்கணும், எப்ப விடுவாங்கன்னு தெரியாது. அதுகளுக்குப் பாவம் மானம் போச்சு, ஊருல ஒருத்தனும் பக்கத்துல போகல. நீ காட்டுற கப்பல்லயும் வெளிய போக முடியாது, வேளாவேளைக்குச் சாப்பாடு வரும். அதுக்குத் துட்டக் குடுத்துட்டு, திரும்பி வந்து ஊரெல்லாம் படம் காட்டுவ. ஒரே சோறு, ஒருத்தனுக்குத் தண்டனை, ஒருத்தனுக்கு உல்லாசம்.

நம்ம ராசேந்திர சோழர எடுத்துக்க. 1025ல கடாரத்துக்கே படையக் கப்பல்ல அனுப்புன ஆளு. ஆர்டிபிசிஆர் சோதனை முடிவக் கேட்டு அந்தக் கடாரத்துக்காரன் வாசல்ல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன். அத்தன கப்பல் வச்சிருந்த மனுசன் தலைநகரத்த எங்க கட்டினாரு? கடக்கரையிலயா? செயங்கொண்டத்துக்குப் பக்கத்துல கங்கைகொண்ட சோழபுரத்துல வந்து உக்காந்து, சோழகங்கம்னு ஒரு பெரிய ஏரிய வெட்டி, கரையில நின்னு பாத்துக்கிட்டாரு. தண்ணி வேணும், அலை வேணாம். அவரு பொறந்த ஆடித் திருவாதிரைக்கு அங்க போயி அந்த ஏரிக்கரையில நில்லு, செலவு பஸ் சார்ஜு மட்டும்தான்னு சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். உன் மொகத்தப் பாத்தா அது காதுல ஏறாதுன்னு தெரியுது.

அதனால போறதுன்னா போ. ஆனா ஒண்ணு, முன்பணம் கட்டறதுக்கு முன்னால அந்தப் பொடி எழுத்தப் படி. கப்பல் கெளம்பலன்னா காசா திரும்பி வருமா, இல்ல "அடுத்த தரம் வாங்க"ன்னு ஒரு சீட்ட நீட்டுவானா? ஏறுறதுக்கு மொத நாளு உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பணம் போகும்? தேதிய மாத்துனா எவ்வளவு புடிப்பான்? நடுவழியில கொரோனான்னு எறக்கி விட்டா ஆசுபத்திரிச் செலவு யாருது? அவன் சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னா, அதயே எழுதிக் குடுன்னு கேளு. சிரிப்பு நின்னுரும். அதுல இருந்து பேச்சத் தொடங்கு.

அறை எடுக்கையில சன்னல் வச்ச அறையா எடு. உள்பக்கத்து அறை சல்லிசுன்னு எடுத்துடாத. அடைச்சு வச்சுட்டான்னு வையி, சன்னலில்லாத அறையில உனக்கு ராத்திரியும் பகலும் ஒண்ணு. கடல் பாக்கப் போயி செவுத்தப் பாத்துட்டு வரணும்.

இப்ப நீ எதுக்கு வந்து கால அமுக்குறேன்னு எனக்குத் தெரியாமயா இருக்கும்? வந்ததுல இருந்து உன் கண்ணு வெங்காயப் பட்டறையிலயே இருக்கு. வெல ஏறட்டும்னு வச்சிருக்கேன். ஏறுமா எறங்குமான்னு பட்டறைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செட்டிகுளத்துச் சந்தையில போன வாரம் ஒரு வெல, இந்த வாரம் ஒரு வெல. வெதைக்கு வேணுங்கிறத எடுத்து வச்சுட்டு, மிச்சத்த நாளைக்கே தூக்கச் சொல்றேன். ஆனா டிக்கெட்டு எம்பேருலதான் இருக்கணும். கப்பல் நின்னு பணம் திரும்பி வந்தா எங் கணக்குல வந்து விழணும், உன் செல்லுக்குள்ள போயிடக் கூடாது.

ஆமாடா, எம்பேருலதான். ஆதார்ல இருக்கிற மாதிரி அப்பம்பேர முன்னால போட்டு எழுது. ரெண்டு பேருக்கு அறை, சன்னல் பக்கத்துக் கட்டிலு எனக்கு. வயித்தால போனா நான் வாயத் தொறக்க மாட்டேன், அத நீ கவலப்படாத. பணத்துக்கு நான் பொறுப்பு, அனுமதிக்கு நீ பொறுப்பு. துறைமுகத்து அனுமதியச் சொல்லல. போயி உங்க அப்பாயிகிட்டச் சொல்லிட்டு வா. கப்பலத் திருப்பி அனுப்புறதுக்கு அவளுக்குக் கொரோனாவும் வேணாம், சீட்டாட்டமும் வேணாம்.