வான்கோழிக்கு வைத்த ஷாக்

டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுக்கறியைப் புகையில் வேகவைப்பது ராத்திரி வேலை. ஆறு கிலோ துண்டு, 107 டிகிரி செல்சியஸ் சூடு, குறைந்தது பன்னிரண்டு மணி நேரம். விறகு போட்டுச் செய்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு விடிய விடியக் காவல் இருக்க வேண்டும். இந்தத் தூக்கம்கெட்ட பிழைப்பே வேண்டாமென்றுதான் மின்சார ஸ்மோக்கர் வந்தது. கறியை உள்ளே வை, ப்ளக்கைச் செருகு, போய்ப் படு.

படுத்த பிறகுதான் கூத்து. தூறல் போடும். ஹீட்டரில் ஈரம் ஏறும். பாதுகாப்பு சுவிட்ச் டக்கென்று விழும். கேட்க ஒருத்தரும் முழித்திருக்க மாட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால், கறி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில், பாக்டீரியா குடும்பம் குட்டியோடு குடியேறத் தோதாக வெதுவெதுவென்று கிடக்கும். கரண்ட் போகாவிட்டாலும் நிம்மதி கிடையாது. 70 டிகிரி வாக்கில் கறிக்கு வியர்க்க ஆரம்பிக்கும். ஏறுகிற சூட்டையெல்லாம் ஆவியாகிற ஈரம் கொண்டுபோய்விடுவதால், தெர்மாமீட்டர் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று பதறி நடுராத்திரியில் சூட்டைக் கூட்டியவர், மறுநாள் விருந்தாளிக்குச் செருப்புத்தோல் பரிமாறுவார்.

கறியை மின்சாரத்தின் தலையில் கட்டிவிட்டுக் காலை நீட்டலாம் என்ற இந்த வியாதிக்கு ஆதி நோயாளி ஒருவர் உண்டு. அமெரிக்க 100 டாலர் நோட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின்.

ஃபிலடெல்ஃபியாவில் அச்சகம் நடத்தி நாலு காசு பார்த்த மனிதர், 1748-ல், 42 வயதில், தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். புத்திசாலி ஒருத்தர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதை அவர் மனைவி டெபோராவிடம்தான் கேட்டிருக்க வேண்டும். மின்சாரத்தைப் பிடித்து அடைத்துவைக்கும் லெய்டன் ஜாடி அப்போது புதுச் சாமான். ஃபிராங்க்ளினுக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

1749 ஏப்ரலில் லண்டனிலிருந்த நண்பர் பீட்டர் காலின்சனுக்குக் கடிதம் எழுதினார். இவ்வளவு ஆராய்ச்சி செய்தும் மனிதகுலத்துக்கு உபயோகமாக ஒன்றும் தேறவில்லையே என்று அதில் கொஞ்சம் வருத்தப்பட்டார். கையோடு விருந்துக்குத் திட்டம் போட்டார். இடம், ஸ்கூல்கில் ஆற்றங்கரை. வான்கோழியை ஷாக் கொடுத்துக் கொல்வது. ஜாடியால் மூட்டிய நெருப்பு முன்னால், மின்சாரத்தில் சுழலும் சக்கரத்தில் மாட்டி வாட்டுவது. ஒயின் கோப்பையிலும் மின்சாரம். உதட்டருகே கொண்டுபோனால் சுள்ளென்று அடிக்கும். அதற்கும் நிபந்தனை உண்டு: குடிக்கிறவர் மழுங்கச் சவரம் செய்திருக்க வேண்டும், ஒயின்மேல் மூச்சு விடக்கூடாது. இப்படியாகக் குடித்து, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனியின் மின் ஆராய்ச்சியாளர்களை வாழ்த்த வேண்டுமாம். வாழ்த்துகிறவர் பிழைத்தால் சரி.

சக்கரம் வெறும் கதை இல்லை. 100 ஸ்பானிய டாலர் காசுகளை ஏற்றியும் சளைக்காமல் சுற்றியது. தகராறு செய்தது வான்கோழிதான். இரண்டு பெரிய ஜாடிக்குச் சாதாரணக் கோழிகள் ஒரே அடியில் போய்ச்சேர்ந்தன. வான்கோழியோ துடித்து விழும், செத்த மாதிரி சில நிமிஷம் கிடக்கும், கால் மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். மேலும் மூன்று ஜாடி சேர்த்த பிறகுதான் பத்து பவுண்டு வான்கோழி ஒன்று மசிந்தது. இப்படிச் செத்த பறவையின் கறி அலாதி மிருது என்றார் ஃபிராங்க்ளின். டெக்சாஸ்காரர் ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்து வாங்குகிற மிருது, இவருக்கு ஒரே நொடியில் வேண்டும்.

1750 டிசம்பர் 23 ராத்திரி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வான்கோழியைக் கொல்ல இரண்டு பெரிய ஜாடிகளை ஏற்றிவைத்தார். 40 சாதாரணச் சீசாக்களின் மின்சாரம் அவற்றில் இருந்தது. சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஆட்கள். ஒரு கையில் ஜாடிகளின் வெளிப்புறத்தோடு இணைத்த சங்கிலி. இன்னொரு கை, பேச்சு சுவாரசியத்தில், மேல்கம்பியைத் தொட்டது. வான்கோழிக்கு வைத்தது மொத்தமும் எஜமானருக்குள் இறங்கியது.

கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், துப்பாக்கி வெடித்த சத்தம் என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அவருக்கு இரண்டுமே தெரியவில்லை. உடம்பு உதறியது. கை ரத்தம் செத்து வெளுத்து எட்டு பத்து நிமிஷம் அப்படியே இருந்தது. பிடரி மறுநாள் காலை வரை மரத்துக் கிடந்தது. நெஞ்செலும்பில் ஒரு வாரம் வலி. வான்கோழியின் அபிப்பிராயத்தை யாரும் குறித்துவைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றே பாஸ்டனுக்குக் கடிதம் எழுதினார். பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தவர்களால் கவனம் சிதறியிருக்கலாம் என்று பழியைப் பக்குவமாக இடம் மாற்றினார். அங்கிருந்த நண்பர் பௌடாயினிடம் மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லலாம், மற்றபடி வெளியே விடாதீர்கள், வெட்கமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். ரகசியம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது, பாருங்கள்.

இவ்வளவு பட்டவர் 1752-ல் இடிமழையில் பட்டம் விட்டார் என்றால், ஷாக் எந்த நரம்பில் இறங்கியதோ!

பின்னாளில் பிரெஞ்சு நண்பர்கள் இருவருக்கு இந்த மின்சாரக் கோழிக்கு முறையாகச் செய்முறையே எழுதி அனுப்பினார். கூடவே ஒரு எச்சரிக்கை: கையாள்கிறவர் உஷாராக இருக்க வேண்டும், அசந்தால் கோழிக்கறிக்குப் பதில் தன் கறியைப் பதமாக்கிக்கொள்ள நேரும். பேசியது அந்த நெஞ்செலும்பு.