யாரை விடுவது, யாரை வெட்டுவது: 7 பாடங்கள்

சித்தேரி மலையில் மழை பிடித்துக்கொண்டது. சாமைக் காட்டில் வேலை இல்லை. அரூர் பஸ்ஸும் போய்விட்டது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது. கேமைத் திறந்தால் நீங்கள்தான் நீதிபதி. கீழே இருப்பதையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே செய்துவருகிறீர்கள். இனி முறையாகச் செய்யுங்கள்.

1. முகத்தைப் பார்க்காதீர்கள், மடியைப் பாருங்கள். நல்ல வாள் வைத்திருப்பவன் கெட்டவன். ஒன்றுமே இல்லாதவனை மன்னித்துவிடுங்கள். இரக்கசாலி என்ற பெயரும் கிடைக்கும், பையில் இடமும் மிஞ்சும்.

2. "எனக்குப் பிள்ளைகுட்டி..." என்று எவனாவது ஆரம்பித்தால் உடனே வசனத்தைத் தள்ளிவிடுங்கள். தீர்ப்பு எழுதியாகிவிட்டது, விசாரணை எதற்கு?

3. கடைக்காரரைத் தொடாதீர்கள். செத்தவர்களின் செருப்பை வேறு யார் வாங்குவார்? அவருடைய கல்லா காலியானபின் யோசித்துக்கொள்ளலாம்.

4. கோழி விஷயத்தில் கவனம். 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' கேமில் ரிவர்வுட் கிராமத்துக் கோழியை அடித்தால் ஊரே ஆயுதத்தோடு திரண்டு வரும். விருந்தாளி வந்தால் கோழி அடிக்கிற நமக்கு இது கஷ்டம்தான். பழகிக்கொள்ளுங்கள்.

5. அதே கேமில், மலையுச்சியில் பார்த்தூர்நாக்ஸ் என்ற கிழட்டு டிராகன் உங்களுக்கு வித்தை சொல்லிக்கொடுக்கும். டெல்ஃபின் என்ற பெண், அது செய்த பழைய பாவத்துக்காக அதைக் கொல்லச் சொல்வாள். அவசரப்படாதீர்கள். பாடம் முழுக்க முடியட்டும். அதன்பிறகு அந்தப் பாவம் உங்கள் மனதை உறுத்தட்டும்.

6. சம்மதம் வாங்கிவிட்டு வெட்டுங்கள். கோயிலில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்து நிற்பார்களே, அது துலுக்கினால்தான் உத்தரவு. துலுக்காவிட்டால்? இன்னொரு செம்புத் தண்ணீர். அப்புறம் காதுக்குள் நாலு சொட்டு. நனைந்த ஆடு எவ்வளவு நேரம்தான் உதறாமல் நிற்கும்? நீங்களும் அப்படியே செய்யுங்கள். திரையில் வரும் நாலு பதிலில் காரமானதையே அழுத்துங்கள், அவன் கத்தியை உருவும் வரைக்கும். உருவிவிட்டானா? உத்தரவு கிடைத்துவிட்டது. ஆரம்பித்தது அவன்தான்.

7. எதற்கும் முன்னால் 'சேவ்' செய்யுங்கள். கொன்று பாருங்கள். கிடைத்தது பிடிக்கவில்லையா, 'லோட்' செய்து மன்னித்துவிடுங்கள். கூட்டாளிகளிடம் மன்னித்த கதையை மட்டும் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டோபி ஃபாக்ஸ் 2015-ல் வெளியிட்ட 'அண்டர்டேல்' சின்ன கேம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் டோரியல் என்ற ஆட்டுமுக அம்மா உங்களைக் காப்பாற்றி வீட்டுக்குக் கூட்டிப்போய், லவங்கப்பட்டை போட்டு ஒரு பலகாரம் சுட்டுத் தருவாள். வெளியே கிளம்பினால், போகாதே என்று வழிமறிப்பாள். அடிக்காமல், விட்டுவிடும் பொத்தானையே பொறுமையாகத் திரும்பத் திரும்ப அழுத்தினால் அவளே ஓய்ந்து வழிவிடுவாள். உங்களுக்கு ஏது பொறுமை? கொன்றுவிடுவீர்கள். மனசு கேட்காது. ஏழாம் பாடப்படி 'லோட்' செய்து, இந்த முறை விட்டுவிடுவீர்கள். கொஞ்ச தூரத்தில் ஃப்ளவி என்ற பூ காத்திருக்கும். முதல் தடவை நீங்கள் அவளைக் கொன்றது அதற்குத் தெரியும். சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டும்.

அதனால் அந்த ஒரு கேமை மட்டும் ஆடாதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் நீங்கள் நல்லவர்தான்.