கெடாத் தோட்டங்களில் இலையுதிர்வும் ஈர்க்குமாறும்: ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை: தெற்கே கூலிம், வடக்கே குரூண், கிழக்கே பாலிங், மேற்கே கடல். ஆய்வுக் காலம்: தைப்பூசத்துக்குச் சற்று முன்னிருந்து பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் வரை.

கெடாவின் பழம்பெயரான கடாரம் பற்றிய கட்டுரையில் இராசேந்திர சோழனின் கப்பல் வராவிட்டால் மாநாட்டு மேடையில் இடம் கிடைக்காது. ஆகவே 1025. குறிப்பிட்டாயிற்று. அந்தப் படை வந்தபோது இங்கே ஒரு பால்மரம்கூட இல்லை. பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் ரப்பர் விதைகளைக் கப்பலேற்றியது 1876-இல். 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1877-இல். இடையில் கிடக்கும் எண்ணூற்றைம்பது ஆண்டுகள் நம் ஆய்வாளர்களை என்றும் தடுத்ததில்லை. என்னையும் தடுக்கப்போவதில்லை.

தொல்காப்பியர் பெரும்பொழுதை ஆறாக வகுத்தார். அவற்றைக் கெடாவில் பொருத்திப் பார்ப்பது நம் கடமை. முன்பனி: மார்கழி விடியலில் 23 டிகிரிக்கு இறங்கியதும் பாட்டிமார் காதைச் சுற்றித் துண்டு கட்டுவது. பின்பனி: மேற்படி துண்டு, துவைத்த பின். கூதிர்: காணப்படவில்லை. முதுவேனில்: அண்டை மாநிலமான பெர்லிஸில், சூப்பிங்கில், 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 டிகிரி பதிவானது, உரை தேவையில்லை.

விடுபட்டது ஏழாம் பொழுது. வடகிழக்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் கிளந்தான் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டிக் கெடாவுக்கு வெறுங்கையோடு வருகிறது. சனவரி, பிப்ரவரியில் மண் காய்ந்ததும் பால்மரம் இலையை மஞ்சளாக்கி, சிவப்பாக்கி, மொத்தமாக உதிர்த்துவிடுகிறது. ஜொகூர் பக்கம் வறட்சி இவ்வளவு கறாராக இல்லாததால் அங்குள்ள மரங்கள் ஆளுக்கொரு நாளில் அரைகுறையாக உதிர்க்கும். கெடா மரத்துக்கு ஒழுக்கம் உண்டு. துரைமார் இதற்கு 'விண்டரிங்' என்று பெயர் வைத்தார்கள், முப்பத்து மூன்று டிகிரியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே. சில வாரங்களில் செம்பு நிறத் துளிர்கள், காம்புக்கு மூன்று சிற்றிலையாகத் துவண்டு தொங்கும். அப்போது ஓய்டியம் என்ற சாம்பல் நோய் பிடித்தால் அதுவும் கொட்டிவிடும். மரம் தன் சேமிப்பைத் துளிருக்கே செலவழிப்பதால் மரத்தில் கட்டிய மங்கில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். பருவ மாற்றத்தை முதலில் உணரும் உறுப்பு கண் என்பது புலவர் கொள்கை. தோட்டத்தில் அது சுருக்குப்பை.

முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் 1966 ஏப்ரலில் நடந்தது. அதற்குள் மரங்கள் துளிர்த்துவிட்டபடியால் பேராளர்கள் இப்பொருளைக் கவனிக்க வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஏனைய தாவரங்களைச் சுருக்கமாகக் காண்போம். முருங்கை: வழக்கம்போல். காகிதப்பூ: காயப்போட்டால் பூத்துக் குலுங்கும், அக்கறையாகத் தண்ணீர் ஊற்றியவர் வீட்டில் இலை மட்டும். தெக்கோமா: சாலையோரம் இளஞ்சிவப்பாகப் பூக்கும், படம் பிடிப்பவர்கள் ஜப்பானைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். எண்ணெய்ப்பனை: தானாக இலையை உதிர்க்காது, காய்ந்த மட்டையைக் கூட ஆள் வைத்து வெட்ட வேண்டும். பால்மரத்தைச் சாய்த்து இதை நட்ட இடங்களில் ஏழாம் பொழுது நிர்வாக ஆணைப்படி நீக்கப்பட்டது எனக் கொள்க.

இனி தலையாய சிக்கல். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னாலேயே மரங்கள் தொடங்கிவிடும். காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் இலை தென்மேற்கு நோக்கி நகரும். முதல் வீட்டு அம்மா விடியலில் வாசலைப் பெருக்கி, இரண்டாம் வீட்டு எல்லையில் குவிப்பார். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். இரண்டாமவர் மூன்றாம் வீட்டுக்கு. இப்படியாக முழு லயத்து இலையும் பொழுது சாயக் கடைசி வீட்டு அக்காவின் வாசலை அடையும். உதிர்ந்த இலை யாருடையது?

கம்பெனியுடையது என்பது முதற்கொள்கை: 'பாலை எடுத்துக்கிட்டவன் இலையையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும்' (லயத்துப் பாட்டி, குழாயடி உரை, வாளி நிறையும் வரை). விழுந்த மண்ணுக்குரியது என்பது இரண்டாம் கொள்கை (மேற்படி பாட்டி, குழாயடி உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு; முதற்பதிப்பை மருமகள் வெளியிட விடவில்லை). முதலில் கண்டவர் கூட்டுக என்பது மூன்றாவது (ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், 'நான் பாக்காத இலையா', ஒட்டுக்கடை மேசை உரை, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது, வலக்காதுப் பக்கம் இருந்தவர்களுக்கு மட்டும்). இக்கொள்கையினர் தங்கள் வாசலில் தலை குனிந்து நடப்பதே இல்லை.

மூன்றையும் மறுக்கும் ஒரே மூலநூல் கடைசி வீட்டு அக்காவுடையது ('பேசாமல் சொன்னவை', நான்கு தொகுதிகள், ஈர்க்குமாற்றின் அடியைத் தரையில் குத்தும் ஓசையாக மட்டும் கிடைக்கிறது, சில படிகளில் இருமுறை குத்தல், ஒரு படியில் அதைத் தொடர்ந்து கதவு சாத்தும் ஒலி, இது இடைச்செருகல் என்பார் கணவர்). முன்பெல்லாம் அவர் குவியலுக்குத் தீ வைத்து உரையை நிறைவு செய்வார். திறந்தவெளியில் எரிக்கச் சட்டத் தடை வந்தபின் நூல் முற்றுப்பெறாமல் நிற்கிறது.

ஈர்க்குமாறு சங்ககாலத்தில் இருந்ததா என்று மாநாட்டில் ஒரு பேராசிரியர் நாற்பது நிமிடம் பேசுவார். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புவார். அவர் அதையும் மேற்கோளாக வாசிப்பார். அவர் வீட்டு வாசலை யார் பெருக்குகிறார்கள் என்று அவையில் ஒருவரும் கேட்பதில்லை. தரவு இல்லை போலும்.

அடுத்த கட்டுரை ஜூலை, ஆகஸ்டில் வெடித்துச் சிதறும் பால்மரக் கொட்டைகளைப் பற்றியது. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் தோலில் வைக்கும் சிறுவர் மரபை அதில் செய்முறையோடு ஆராய்வதாகத் திட்டம். மேற்பார்வையிட விரும்பும் பேராசிரியர்கள் கையை நீட்டலாம்.