ராதாவுக்காக ஒரு சட்டம்

ஒரு மீன் துண்டு குறைந்துபோன கோபத்தில் வீட்டை விட்டு ஓடிய பையன்தான் பிற்காலத்தில் நடிகர் எம்.ஆர். ராதா ஆனான் என்பார்கள். அம்மா அன்றைக்கு அந்தத் துண்டைத் தட்டில் போட்டுத் தொலைத்திருந்தால், சென்னை அரசாங்கத்துக்கு எவ்வளவோ தலைவலி மிச்சமாகியிருக்கும்.

பையன் போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. அந்தக் காலத்துக் கம்பெனி என்றால் பாதி குருகுலம், பாதி ஜெயில். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பாடத்தைக் கற்றார்கள். ராதா அதை எங்கே, எப்படிப் பிசகலாம் என்று கற்றுக்கொண்டார். 1937-ல் சினிமாவுக்கும் போய்ப் பார்த்தார். ஒருநாள் பேசியதையே ஆயுசுக்கும் பேசிக்கொண்டிருக்கிற தொழில் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. சில படங்களோடு மேடைக்கே திரும்பிவிட்டார்.

அங்கே வந்தது ‘ரத்தக்கண்ணீர்’. எழுதியவர் திருவாரூர் தங்கராசு. ஆனால் இன்றைக்கு ராத்திரி என்ன வசனம் என்பது ராதாவுக்கும் காலைப் பேப்பருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். தொழுநோய் முற்றி, விரல் மடங்கி, கண் போய்த் தட்டுத்தடுமாறி வருகிற மோகனசுந்தரம், தன் கஷ்டத்தைச் சொல்லி அழுவதற்கு நடுவே மந்திரி, சாமியார், பணக்காரன் எல்லோரையும் ஒரு வாங்கு வாங்குவான். குரல் அடித்தொண்டையில் கரகரவென்று கிளம்பும். சட்டென்று கீச்சென ஏறும். ஒரு நக்கல் இழுவையோடு இறங்கும். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் சிரிப்பதா, எழுந்து போவதா என்று முழிப்பார்கள்.

பிறகு ராமாயணத்தில் கை வைத்தார். மனம் புண்படுகிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்கிற தோரணையில் விளம்பரம். புண்படுவதற்கென்றே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கல் வந்தது, தடை வந்தது. ஒரு பெயருக்குத் தடை போட்டால் அதே சரக்கு வேறு பெயரில் மேடையேறும்.

அரசாங்கம் பொறுத்துப் பார்த்து, 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தது. வசனத்தை முன்கூட்டியே காட்டு என்றது. அதில் ராதா பெயர் இல்லை. யாருக்காக என்று ஊருக்கே தெரியும்.

அதே வருஷம் ‘ரத்தக்கண்ணீர்’ சினிமாவாக வந்தது. ‘நந்தனார்’ படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கினாரே, அதற்கு மேல் 25,000 வேண்டும் என்று ராதா அடம்பிடித்ததாகக் கதை. நமக்கு மிஞ்சியிருப்பது சென்சார் கத்தரித்த ராதா. கத்தரித்ததே இந்தப் போடு போடுகிறதென்றால், மேடையில் கேட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அப்புறம் சினிமா விடவில்லை. ‘பலே பாண்டியா’வில் (1962) சிவாஜிக்கு மூன்று வேடம், இவருக்கு இரண்டு. கச்சேரிப் பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜதி சொல்கிற ராதாவை விட்டுச் சிவாஜியைப் பார்க்க நமக்குத் தனி வைராக்கியம் வேண்டும். இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்றும் சொல்வார்கள். கார் பின்னே எதற்கு?

1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டம். இருவரும் சேர்ந்து நடித்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ வெளிவந்து ஒரு மாதம் போல ஆகியிருந்தது. துப்பாக்கி வெடித்தது, எம்.ஜி.ஆருக்கும் காயம், ராதாவுக்கும் காயம், இருவருமே பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆர். படம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. அப்போது வந்த தேர்தலில், பிரசாரத்துக்கே போகாமல் அவர் பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் ராதாவின் தலைவர் பெரியார் காங்கிரஸ் பக்கம். எதிர்க்கட்சிக்கு இவ்வளவு உழைத்த தொண்டர் வேறு யாருமில்லை. அதற்கும் சிறைதான் கிடைத்தது.

வெளியே வந்ததும் மறுபடி நாடகம். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் இறந்தார். அன்று பெரியார் பிறந்தநாள். நாள், நட்சத்திரம் எல்லாம் பித்தலாட்டம் என்று மேடை மேடையாகக் கத்தியவர், போகும்போது மட்டும் நாள் பார்த்துப் போயிருக்கிறார்.

அந்த 1954 சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல்தான் செல்லாது என்றது. ராதா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள் போலிருக்கிறது.