மெஷினுக்குச் சொன்ன பொய்கள்

1952-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு மில்லிங் மெஷினுக்குக் காகிதம் தின்னக் கற்றுக்கொடுத்தார்கள். நாடாவில் ஓட்டை போட்டால் அது இரும்பைச் செதுக்கும். மறு வருஷம் நம் பெங்களூரு ஜாலஹள்ளியில் மெஷின் தயாரிக்கும் எச்எம்டி பிறந்தது. பிற்பாடு பக்கத்துப் பீன்யாவில் பட்டறை ஷெட்டுகள் முளைத்தன.

நாடாவுக்கும் பட்டறைக்கும் ஜென்மப் பகை. ஆயில் பட்டால் ஊறும், அவசரத்தில் கிழியும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பழைய கன்ட்ரோலர் நாடாதான் வேண்டும் என்று அடம்பிடித்தது. புதுசு வாங்கச் சொல்ல விற்பனைக்காரர் தயார். வாங்கப் பணம்தான் இல்லை.

ஆகவே பட்டறைக்காரர்கள் டேப் ரீடரின் ஒயர்களை ஒட்டுக்கேட்டார்கள். நாடாவில் ஒரு வரிக்கு எட்டு ஓட்டைக்கு இடம். நடுவே பொடி ஓட்டை ஒன்று, 'இப்போது படி' என்று அதட்டும் மேஸ்திரி. ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால், எந்த ஒயர் வரி தவறாமல் துடிக்கிறதோ அதுதான் மேஸ்திரி. மற்ற எட்டும் எழுத்து. அதே துடிப்பைக் கொடுக்கும் பெட்டியை இடையில் சொருகினால் போதும்: டேப் ரீடர் வாயசைக்கும், பின்னாலிருந்து கம்ப்யூட்டர் பாடும். கம்ப்யூட்டருக்கு டிரைவர் மென்பொருள் எழுதுவதும் இதே கலைதான். மெஷின் என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குப் பிடித்த பொய்யைச் சொல்வது.

1980 வாக்கில், அதே எம்ஐடியில், ஜெராக்ஸ் பிரின்டரின் மூல நிரலைத் தர மறுத்ததால் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது. 1983-ல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தையே அறிவித்துவிட்டார். பட்டறைக்காரருக்கு அவ்வளவு அவகாசம் ஏது? சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும்.

பட்டறைக்கு அடுத்து ஆர்எஸ்-232 என்ற கேபிள் இணைப்பு வந்தது. 25 பின். "அந்தப் பக்கம் தயாரா?" என்று கன்ட்ரோலர் நாலாவது பின்னில் கேட்கும், ஐந்தாவதில் பதில் வராவிட்டால் அசையாது. நம்மாள் சால்டரிங் அயர்னை எடுத்தார், நாலையும் ஐந்தையும் சேர்த்தார், ஆறு, எட்டு, இருபதை ஒரே முடிச்சாகப் போட்டார். தன் குரலே திரும்பி வந்ததும் கன்ட்ரோலருக்குப் பரம திருப்தி.

கடைசியில் அமெரிக்க அரசின் என்ஐஎஸ்டி, கன்ட்ரோலர் வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி இஎம்சி என்ற மென்பொருளை எழுதியது. அரசுப் பணத்தில் எழுதியதால் காப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். பெயரை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே பெயருள்ள கம்பெனி ஆட்சேபித்ததால் 2011-ல் லினக்ஸ்சிஎன்சி ஆனது. பழைய கம்ப்யூட்டரின் பேரலல் போர்ட் வழியாகவே அது மோட்டாரை அடியடியாக நகர்த்தும்.

புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட்டையே காணோம். பெங்களூரு எஸ்பி ரோட்டுக் கடைகளில் போய், "பேரலல் போர்ட் உள்ளது இருக்கா சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். விலை ஏறிவிடும்.